பழைய ரோட்டிலேயே போங்க



பயணச் சிறப்பிதழ் என்று முடிவானதும் ஆசிரியர் குழுக் கூட்டத்தில் லடாக், அந்தமான், வியட்நாம் என்று ஆளுக்கொரு திசையில் கிளம்பிவிட்டார்கள். அந்தக் கட்டுரைகளெல்லாம் வண்ணப்படங்களோடு உள்ளே இருக்கின்றன, நன்றாகவே வந்திருக்கின்றன. இந்தப் பக்கத்துக்கு நான் எடுத்துக்கொண்டது சிதம்பரத்திலிருந்து நாகப்பட்டினம் போகிற சாலை. பேருந்தில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சைக்கிளில் ஒரு முழுப் பகல்.

சென்னையிலிருந்து கடலோரமாகவே ராமேஸ்வரம் வரை சைக்கிள் மிதிப்பது என்று நானும் எங்கள் வடிவமைப்புப் பிரிவுத் தம்பியும் திட்டம் போட்டோம். விடுப்பு கிடைக்கும்போது போவது, வேலை கூப்பிட்டால் திரும்புவது, அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடர்வது. அவனுக்கு வயது இருபத்தைந்து. என் வயதைப் பழைய வாசகர்கள் அறிவார்கள். தை மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் காற்று. கார்காரருக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை. சைக்கிள்காரனுக்கு அதுதான் பாதி எஞ்சின். தை மாதத்தில் வடகிழக்கிலிருந்து வீசும் வாடை, தெற்கே போகிறவனின் முதுகில் கைவைத்துத் தள்ளும். காவிரி டெல்டாவில் மேடு என்று ஒன்று கிடையாது. ஆற்றுப் பாலத்தில் ஏறி இறங்குவதுதான் அங்கே மலையேற்றம்.

சிதம்பரத்தை விடியும் முன்பே விட்டோம். வல்லம்படுகை தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது கிழக்கு வெளுத்தது. இந்த ஆற்றை ரயிலிலும் பேருந்திலும் எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். அப்போதெல்லாம் ஜன்னலில் கொஞ்சம் மணல் தெரியும், அவ்வளவுதான். சைக்கிளை நிறுத்திக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்தபோதுதான் இது எவ்வளவு அகலமான ஆறு என்பது உறைத்தது. காவிரியின் உபரி வெள்ளத்தையெல்லாம் கடலுக்குக் கொண்டுபோகும் வேலை இதனுடையது. மேற்கே மழை கொட்டி மேட்டூர் நிரம்பி வழிந்தால், இங்கே முதலைமேடு திட்டு, நாதல்படுகை மாதிரி ஆற்றோரத்து ஊர்க்காரர்கள் மூட்டை முடிச்சோடு கரையேற வேண்டியிருக்கும். நாங்கள் பார்த்த அன்று நடுவில் இரண்டு மூன்று வாய்க்கால்களாக நீர் ஓடியது, மற்றதெல்லாம் மணலும் நாணலும். ஒருவர் முழங்கால் நீரில் நின்று வீச்சு வலை போட்டுக்கொண்டிருந்தார். பழைய கொள்ளிடத்தில் முதலை உண்டு. சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களில் அவ்வப்போது வனத்துறையினர் முதலை பிடித்துப்போய் வக்காரமாரி ஏரியில் விடுவது உள்ளூர்ச் செய்தித்தாளில் வழக்கமான செய்தி. அதை நினைத்துக்கொண்டே அந்த மனிதரைப் பார்த்தேன். அவர் எங்களைப் பார்த்து, “வேளாங்கண்ணிக்கா?” என்று கேட்டார்.

அன்று முற்பகல் முழுக்க இதே கேள்விதான். வேளாங்கண்ணி மாதா கோயிலில் ஆவணியில் கொடியேறும் சமயம், ஆகஸ்டு 29க்கும் செப்டம்பர் 8க்கும் இடையில், காவி உடுத்தி நடந்தும் சைக்கிளிலும் போகும் கூட்டத்தை இந்தச் சாலை ஆண்டுதோறும் பார்க்கிறது. எனவே தூரத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருகிற எவனும் இங்கே விசித்திரப் பிராணி இல்லை. ஏதோ வேண்டுதல் என்று எடுத்துக்கொள்வார்கள். கொள்ளிடம் ஊரில் முதல் டீக்குக் காசு வாங்க மறுத்தார் கடைக்காரர். “வேண்டுதலுக்குப் போறவங்ககிட்ட வாங்குறதில்ல.” வேண்டுதல் இல்லை என்று சொல்லி, தம்பி வற்புறுத்திக் கொடுத்தான். பின்னே எதற்காக இவ்வளவு தூரம் மிதிக்கிறீர்கள் என்று கேட்ட அவருக்கு ஒழுங்கான பதில் சொல்ல எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

சீர்காழிக்குக் கொஞ்சம் முன்னால் சாலை பிரிகிறது. நேராகப் போனால் புறவழிச்சாலை, ஊரைத் தொடாமல் தெற்கே கொண்டுபோய் விட்டுவிடும். ஊருக்குள் போவது பழைய ரோடு. வழியில் கண்ட எல்லோரும், “பைபாஸ்ல போங்க சார், சீக்கிரம் போயிடலாம்” என்றே சொன்னார்கள். ஒரே ஒரு பெரியவர், மாடு ஓட்டிக்கொண்டு போனவர், மாற்றிச் சொன்னார். “பழைய ரோட்டிலேயே போங்க. நெழல் இருக்கும்.” அவர் சொன்னதற்கு மறுபேச்சே இல்லை. புது நான்குவழிச் சாலையில் தார் மட்டும்தான் இருக்கிறது. பழைய ரோட்டில் நெடுஞ்சாலைத் துறை நம்பர் எழுதிய புளியமரங்கள் அங்கங்கே இன்னும் மிச்சம். மரத்துக்கு ஒரு பெட்டிக்கடை, கடைக்கு ஒரு பெஞ்சு, பெஞ்சுக்கு நாலு பேர். அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரே விதிதான்: ஊர் என்று பலகை வந்தால் ஊருக்குள் நுழைந்துவிடுவது.

சீர்காழியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஞானசம்பந்தர் பிறந்த ஊர். தமிழிசை மூவரில் முத்துத்தாண்டவர் பிறந்ததும் அருணாசலக் கவிராயர் வாழ்ந்ததும் இங்கேதான். ஆனால் ஒரு பத்திரிகைக்காரனின் கால் தானாகப் போய் நிற்கும் இடம் பேருந்து நிலையத்துப் புத்தகக் கடை. பொங்கலும் வடையும் முடித்துவிட்டு அங்கே போனோம். நாளிதழ் அடுக்கு, பஞ்சாங்கம், ராசிபலன், கோலப் புத்தகம், சிப்ஸ் பாக்கெட் சரம், செல்போன் கவர். கயிற்றில் கிளிப் போட்டு மாட்டிய வார மாத இதழ்களில் நம் இதழும் இருந்தது. அட்டை வெளிறியிருந்தது, போன மாதத்தது. நான் யாரென்று சொல்லாமல், எத்தனை வருகிறது என்று கேட்டேன்.

“எட்டு வரும். அஞ்சு ரிட்டர்ன்.”

முன்பு எப்படி என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. “முன்னெல்லாம் பஸ் ஏறுறவங்க கைல ஒண்ணு வாங்கிக்கிட்டு ஏறுவாங்க. போனைக் கொறை சொல்லாதீங்க சார், அது அப்புறம் வந்தது. தூரத்து பஸ்ல பாதி உள்ளயே வர்றதில்ல. ராத்திரியில பைபாஸ்ல எறக்கிவிட்டுட்டுப் போயிடுறான். ஆளே உள்ள வராம புஸ்தகம் எப்புடி விக்கும்?”

அச்சிதழ் விற்பனை ஏன் குறைகிறது என்று சென்னையில் குளிர்பதன அறையில் உட்கார்ந்து நாங்கள் பேசிய பேச்சில் ஒருவர்கூடச் சாலையைப் பற்றிச் சொன்னதில்லை. காகித விலை, இணையம், இளைஞர்களின் வாசிப்பு என்றுதான் பட்டியல் போவது வழக்கம். அவர் சொன்னதே முழுக் காரணம் என்று நான் வாதாட மாட்டேன். ஆனாலும் ஐந்து ரிட்டர்னைக் கட்டு போட்டுத் திருப்பி அனுப்புகிற கைக்குத் தெரிந்தது, அட்டவணை பார்க்கிற எங்களுக்குத் தெரியவில்லை.

சட்டநாதபுரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். சம்பா அறுவடை உச்சத்தில் இருந்தது. கதிர் அறுக்கும் இயந்திரம் ஒரு பக்கம் இரைய, இன்னொரு பக்கம் அறுத்து முடித்த தாளுக்கு இடையே உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது. நெல் நிற்கும்போதே, அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், ஈரத்தில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். அதற்குத் தனியாக உழவு இல்லை, தண்ணீர் இல்லை, பனியிலேயே விளைந்துவிடும். காரில் போகிறவருக்கு இது வெறும் அறுத்த வயல். சைக்கிளின் வேகத்தில் குனிந்து பார்க்க நேரம் இருப்பதால் அந்த இரண்டு இலையும் தெரிகிறது.

சாலையிலும் நெல்தான். ஒரு பாதியை அடைத்துக் கிலோமீட்டர் கணக்கில் காயப்போட்டிருந்தார்கள். லாரிக்காரர்கள் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனார்கள். எனக்கென்னவோ அந்த நெல்லின் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது. அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லைத் திருப்பிவிடுவார்கள். மழை கெடுத்த ஆண்டுகளில் மத்திய அரசிடம் கேட்டுத் தளர்வு வாங்க வேண்டும், அதற்குக் குழு வந்து பார்க்க வேண்டும். அதுவரை விவசாயிக்குக் களம் வேண்டுமே? ஊருக்கு ஊர் சிமெண்டுக் களம் போதுமான அளவு இல்லாதபோது இருக்கிற ஒரே காய்ந்த தரை நெடுஞ்சாலைதான். கொள்முதல் நிலைய வாசலில் 40 கிலோ மூட்டைகள் தார்ப்பாயின் கீழ் அடுக்கிக் கிடந்தன. பக்கத்தில் கட்டிலில் ஒருவர் காவலுக்குப் படுத்திருந்தார். எத்தனை நாளாக என்று கேட்டேன். வெறுமனே சிரித்தார்.

காவிரியையும் இந்த வழியில்தான் கடந்தோம். தம்பி பாதிப் பாலத்தைத் தாண்டிய பிறகு, “சார், இது என்ன வாய்க்கால்?” என்றான். காவிரி என்றேன். அவன் திரும்பிப் போய்ப் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டுத்தான் நம்பினான். தலைக்காவிரியிலிருந்து ஊர் ஊராகக் கொடுத்துக்கொண்டே வந்து, கிளைகளையெல்லாம் பிரித்து அனுப்பிவிட்டு, பூம்புகாருக்குப் பக்கத்தில் வரும்போது அது அவ்வளவுதான் இருக்கும். காலையில் பார்த்த கொள்ளிடம் அத்தனை அகலம், இது இத்தனை ஒடுக்கம். ஆனாலும் பூப்போட்டுக் கும்பிடுவது இதைத்தான்.

ஆக்கூர் முக்கூட்டுக்குச் சற்று முன்னால் என் பின்சக்கரம் சுற்ற மறுத்தது. சாலையில் சிதறிய வைக்கோல் பல்சக்கரத்துக்குள் சுருண்டு ஏறி, செயினோடு இறுகிவிட்டது. தள்ளிக்கொண்டே போய் ஒரு சைக்கிள் கடையில் நிறுத்தினோம். பலகையில் சைக்கிள் என்று இருந்தாலும் உள்ளே எல்லாம் பைக் டயர். கடைக்காரருக்கு எழுபது இருக்கும். என் வண்டியைச் சுற்றி வந்து, கியர்களை எண்ணி, “எதுக்கு இத்தனை?” என்றார். பிறகு பழைய போக்ஸ் கம்பி ஒன்றை வளைத்துக் கொக்கியாக்கி, ஒவ்வொரு வைக்கோலாக உருவி எடுத்தார். அறுவடைக் காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிளுக்கெல்லாம் இதே வியாதிதானாம்.

வேலை முடிந்தும் நாங்கள் கிளம்பவில்லை, பேச்சு அப்படி. ஒரு காலத்தில் அவரிடம் முப்பது வாடகை சைக்கிள் இருந்தனவாம். மணிக்கணக்கு நோட்டு இன்னும் வைத்திருக்கிறார், ஊர்க்காரர் பெயரும் எடுத்த நேரமும் விட்ட நேரமும். தெரிந்த முகமாக இருந்தால்தான் வண்டி தருவார்; தெரியாதவன் என்றால் யாராவது சொல்ல வேண்டும். குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்ட பையன்கள் விழுந்து ஹேண்டில்பாரைக் கோணலாக்கிவிட்டு, தாங்களே முன்சக்கரத்தை இரண்டு கால்களுக்கு இடையில் இடுக்கி நிமிர்த்திக்கொண்டு வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி நிறுத்திவிட்டுப் போவார்களாம். “கோட்டம் எடுக்குறதுதான் வேலையே. இப்ப கோட்டம் எடுக்கத் தெரிஞ்ச பையனே இல்ல. ரிம்மோட மாத்திடுறாங்க.” காசு எவ்வளவு என்றதற்கு அவர் சொன்ன தொகை எனக்குக் கூச்சமாக இருந்தது. கூடக் கொடுத்தால் வாங்கவில்லை. “அந்தப் பம்ப்ல நீங்களே காத்து அடிச்சுக்குங்க, அதுக்கு ஃப்ரீ” என்றார். என் டியூபின் வால்வுக்கு அவர் பம்பின் முனை பொருந்தவில்லை என்பதில் அவருக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

பள்ளி நேரம். முக்கூட்டிலிருந்து பிள்ளைகள் வரிசையாக வந்து சேர்ந்துகொண்டார்கள், எல்லாம் அரசு கொடுத்த சைக்கிள், முன்னால் கூடை, கூடையில் சாப்பாட்டுப் பை. 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம் பின்னால் பிளஸ் ஒன் படிக்கிற மற்றவர்களுக்கும் விரிந்தது. அதற்கும் பத்தாண்டு முன்பே புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களைச் சைக்கிளில் ஏற்றிவிட்டது. அப்போது நடந்தது ஒரு பெரிய சமூகச் செய்தி. கல்லுடைக்கும் பெண்ணும் விவசாயக் கூலிப் பெண்ணும் சைக்கிள் பழகியதைப் பத்திரிகைகள் வியந்து எழுதின. இன்று ஆக்கூர்ச் சாலையில் இரண்டு பெண்கள் தோளோடு தோள் ஓட்டிக்கொண்டு, இயற்பியல் ரெக்கார்டு நோட்டைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார்கள். அதில் ஒருத்தி திரும்பி, “அங்கிள், கியரப் போடுங்க!” என்று கத்தினாள். தம்பி நாள் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

திருக்கடையூரில் வேளாங்கண்ணிக் கேள்வி நின்றது. இங்கே கேள்வி வேறு. லாட்ஜ் வாசலில் நின்றவர் என் நரைத்த மீசையைப் பார்த்துவிட்டு, “அறுபதாம் கல்யாணமா சார்? அம்மா பின்னால கார்ல வர்றாங்களா?” என்றார். கோயில் பிராகாரத்தில் ஒரே நேரத்தில் பல கல்யாணங்கள். ஒரு தூணுக்கு ஒரு ஜோடி. அறுபதுக்காரர்கள் பட்டு வேட்டியில் விறைப்பாக. எண்பதைத் தொட்டவர்கள் சதாபிஷேகக் கலசத்துக்குக் கீழே பேரப்பிள்ளைகள் பிடித்துக்கொள்ள, தலையில் நீர் ஊற்றும்போது குளிரில் நடுங்கிக்கொண்டு. மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்த தலம் என்பதால் ஆயுள் கேட்டு வருகிறார்கள். ஊரின் மொத்த வருமானமும் அந்த ஆயுளில்தான் நடக்கிறது: மாலைக்காரர், நாகஸ்வரக்காரர், சமையல்காரர், போட்டோகிராபர், வேன் டிரைவர். எங்களுக்கு யாரோ ஒரு குடும்பத்தார் இலை போட்டுவிட்டார்கள். எந்தத் தரப்பு உறவு என்று யாரும் கேட்கவில்லை. இதுவும் ஊருக்குள் நுழைந்ததால் கிடைத்த லாபம்.

தில்லையாடி அங்கிருந்து மிகவும் பக்கம். பிரதான சாலையை விட்டு உள்ளே போக வேண்டும். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, சத்தியாகிரகத்தில் சிறை சென்று, நோயோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்துபோன வள்ளியம்மையின் பூர்விக ஊர். அந்தப் பெண் இந்த ஊரைப் பார்த்ததே இல்லை. மறு ஆண்டு, 1915இல், இந்தியா திரும்பிய காந்தி இங்கே வந்தார். சீர்காழியில் நான் சொன்ன அருணாசலக் கவிராயரும் பிறந்தது தில்லையாடியில்தான். பிறகு சீர்காழிக்குக் குடிபோனார். நாங்கள் காலையில் மிதித்துவந்த வழியை அந்த மனிதர் எதிர்த்திசையில் மாட்டுவண்டியிலோ நடந்தோ போயிருப்பார்.

உச்சி வெயிலுக்குத் தரங்கம்பாடி. பொறையாறு கடைத்தெருவில் வாங்கிய வெள்ளரிக்காயோடு கோட்டை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். தஞ்சை ரகுநாத நாயக்கருடன் 1620இல் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, கடலைப் பார்த்து மஞ்சளாக நிற்கிறது. அதைவிட வயதானது பக்கத்தில் இருக்கும் மாசிலாமணி நாதர் கோயில்; பாண்டியர் காலத்தது, அலை வாங்கியது போக மிச்சம் நிற்பதே பெரிய காரியம். ஆனால் அச்சுத் தொழிலில் வயிறு வளர்க்கிற எங்கள் இருவருக்கும் இந்த ஊர் ஒரு தலம். 1706இல் இங்கே வந்து இறங்கிய மதபோதகர் சீகன்பால்கு தமிழ் கற்றுக்கொண்டார். லண்டனிலிருந்து அச்சு இயந்திரமும் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் எழுத்துருக்களும் கப்பலில் வந்தன. 1714, 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது. இதற்கு முன்பே, 1578இல், கொல்லத்தில் தமிழ் அச்சாகிவிட்டது. இருந்தாலும் ஒரு ஊரே அச்சுக்கூடத்தைச் சுற்றி இயங்கியது என்றால் அது இதுதான்.

அதில் ஒரு சங்கதி எங்கள் தம்பிக்குக் கண்ணில் நீரே வரவழைத்துவிட்டது, சிரிப்பில்தான். ஹாலேயிலிருந்து வந்த எழுத்துகள் அளவில் பெரியவை. அப்படியே அச்சிட்டால் புத்தகம் தலையணை ஆகிவிடும். காகிதமோ கடல் தாண்டி வர வேண்டும், கைவசம் இருந்தது கொஞ்சம். எனவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். அதற்கு ஈயம் போதாமல், கப்பலில் வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈயத்தை உருக்கினார்கள் என்று அச்சு வரலாற்றுக்காரர்கள் சொல்வார்கள். காகிதத் தட்டுப்பாட்டுக்குப் பொறையாற்றுப் பக்கம் சொந்தமாகக் காகிதப் பட்டறையே வைத்துப் பார்த்தார்கள். “முந்நூறு வருஷம் முன்னாடியே ‘பாயிண்ட் சைஸைக் குறை, பக்கத்தைக் குறை’ன்னு சொல்லியிருக்காங்க சார், உங்களை மாதிரியே” என்றான் தம்பி. மாதா மாதம் நான் அவனிடம் சொல்வது அதுதான். வாசகர்களில் எழுத்து சிறிதாக இருக்கிறது என்று கடிதம் எழுதுகிறவர்கள் மன்னிக்க, மரபு நீளமானது.

தரங்கம்பாடியை 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கும் திருச்சிக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. சரக்கு ரயிலைத் தேடிப் போனது, இந்தத் துறைமுகம் அடங்கிப்போனது. பின்னால் மயிலாடுதுறையிலிருந்து இங்கே ஒரு கிளை ரயில் வந்தது. அதையும் 1980களில் நிறுத்திவிட்டார்கள். சீர்காழிக் கடைக்காரரை நினைத்துக்கொண்டேன். ஊரை விட்டுப் பாதை விலகுவது இன்று நேற்று ஆரம்பித்ததில்லை. ராஜ வீதியில் அப்போது எங்களைத் தவிர ஒரு ஐஸ் வண்டிக்காரரும் இரண்டு ஆடுகளும் மட்டுமே. வீதி அழகாகத்தான் இருக்கிறது, பழுது பார்த்துச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறார்கள். குடியிருப்பவர்கள் அதிகம் இல்லாத அழகு என்னை அவ்வளவாகக் கவர்வதில்லை. மீனவர் தெருப் பக்கம் போனதும் வலை பின்னுகிறவர்களும் கேரம் ஆடுகிறவர்களுமாக மறுபடி ஊர் தொடங்கியது. புளியமரம் கிடைக்காததால் ஒரு வேம்பின் கீழ் மூன்று மணி வரை தூங்கினோம்.

நண்டலாறு சோதனைச்சாவடியைத் தாண்டினால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் காரைக்கால். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சி. கடைப் பலகைகளில் பாதி மதுபானம், பெட்ரோல் பங்கில் தமிழ்நாட்டு வண்டிகளின் வரிசை. எங்களுக்கு இரண்டாலும் பயன் இல்லை. காரைக்கால் அம்மையார் கோயில் வாசலில் இளநீர் குடித்தோம். ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில் மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவார்களாம். தையில் போனதால் தலை தப்பியது. கயிலைக்குக் காலால் போவது தகாது என்று தலையால் நடந்துபோன அம்மையாரின் ஊரில், சிதம்பரத்திலிருந்து சைக்கிளில் வந்தோம் என்று பெருமையாகச் சொல்ல வாய் வரவில்லை. அரசலாற்றுப் பாலத்தில் மாலை வெயில் சாய்ந்திருந்தது. திருமலைராயன்பட்டினம், பிறகு வாஞ்சூர். எல்லைக்கு அந்தப் பக்கம் மறுபடி தமிழ்நாடு. வாஞ்சூர்க் கடைகளின் முன் நின்ற கூட்டத்தைப் பற்றி எழுத விருப்பம் இல்லை, வேகமாக மிதித்தோம்.

நாகூரின் பெரிய மினாரா தூரத்திலேயே தெரிந்துவிடும். 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக் கொடுத்தது. தர்கா வாசலில் முடி இறக்கிய குழந்தையோடு ஒரு குடும்பம்; குழந்தையின் தலையில் சந்தனம். அவர்கள் திருவாரூர்ப் பக்கத்து இந்துக்கள். அடுத்து வேளாங்கண்ணி, அப்புறம் வீடு என்று வண்டி பேசி வந்திருந்தார்கள். திருக்கடையூர் தாத்தாவுக்கு என்றால், நாகூர் பிள்ளைக்கு. இந்தக் கரையில் இதை யாரும் மத நல்லிணக்கம் என்று பெயர் வைத்துப் பேசிக்கொள்வதில்லை. வேன் வாடகை ஒன்று, போகிற வழியில் மூன்றையும் முடித்துக்கொள்வார்கள்.

கடைத்தெருவில் ‘வாடா’ வாங்கினோம். அரிசி மாவில் தட்டி, நடுவில் இறால் வைத்து, எண்ணெயில் பொரித்தெடுப்பது. மாலையில்தான் கிடைக்கும், சூட்டோடு தின்ன வேண்டும். மரக்கறிக்காரனான தம்பி அந்த இறாலைத் தள்ளிவிட்டுத் தின்றதைக் கண்டு கடைக்கார அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். “எறாலுக்குத்தான தம்பி வாடாவே!” என்றவர், அடுத்த ஈட்டில் அவனுக்காகவே வெங்காயம் மட்டும் வைத்து ஒன்று போட்டுக் கொடுத்தார்.

இருட்டுகிற நேரத்தில் நாகப்பட்டினம். கடற்கரைப் பக்கம் நாங்கள் போகவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு செய்தி சேகரிக்க வந்தவர்களில் நானும் ஒருவன். அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதைப் பற்றி அப்போதே எழுதியாகிவிட்டது. பேருந்து நிலையத்தில் புத்தகக் கடை நல்ல வெளிச்சத்தோடு திறந்திருந்தது. நம் இதழ் இந்த மாதத்தது, முன்வரிசையில். இங்கே எவ்வளவு ரிட்டர்ன் என்று கேட்டேன். “ரிட்டர்ன் இல்ல. இன்னும் அஞ்சு சேத்து அனுப்பச் சொல்லியிருக்கேன், அனுப்ப மாட்டேங்குறாங்க.” தம்பி என்னைப் பார்த்தான். அன்றிரவே சர்க்குலேஷன் பிரிவுக்குப் போன் போட்டேன். இந்த இதழிலிருந்து நாகப்பட்டினத்துக்கு ஐந்து பிரதிகள் கூடுதலாகப் போகின்றன. சீர்காழிக்குப் போகும் எட்டை ஒன்றுகூடக் குறைக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன்.

பயணம் அத்தோடு நின்றிருக்கிறது. சித்திரை வெயிலுக்கு முன்னால் நாகையிலிருந்து வேதாரண்யம், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மணமேல்குடி வழியாகத் தொண்டி வரை போகலாம் என்று எண்ணம். அந்த ஊர்களில் நமக்கு வாசகர்கள் இருக்கிறார்கள் என்பது சந்தாப் பட்டியலில் தெரிகிறது. உங்கள் ஊரில் காலை ஐந்து மணிக்குத் திறக்கும் டீக்கடை எது, கோட்டம் எடுக்கத் தெரிந்த சைக்கிள் கடை இன்னும் இருக்கிறதா, மதியம் தூங்கத் தோதான மரம் எந்தப் பக்கம் என்று ஒரு அஞ்சலட்டை போடுங்கள். பைபாஸில் இருக்கிற கடை வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்